மெட்ராஸுக்கு அம்பது நிமிஷம்

விமான டிக்கெட் விற்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களையெல்லாம் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் திருப்பி அனுப்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தொம்மலூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். கீழே பெயின்ட் கடை, மாடியில் நாங்கள். ஏர்போர்ட் பக்கத்திலேயே இருந்ததால், விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். போனில் பேசிக்கொண்டிருப்பவர் பாதி வார்த்தையில் நிறுத்தி, சத்தம் போன பிறகு மீதியைச் சொல்வார். வெளியூர்க்காரர்கள் எங்களுக்குத் திக்குவாய் என்று நினைத்திருக்கக்கூடும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் அதைக் கையெழுத்தாகப் போடுவார். ஆனால் ஆபீஸிலும் கீழே பெயின்ட் கடையிலும் எதிரே டீக்கடையிலும் அவர் ‘அம்பது நிமிஷம்’தான். பெங்களூரிலிருந்து மெட்ராஸுக்கு விமானம் போகும் நேரம் அது. அந்த அம்பது நிமிஷத்தைச் சொல்லி யாராவது டிக்கெட் கேட்டுவிட்டால் போதும், மனிதருக்குத் தாங்காது.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நீலசந்திராவில் அக்கா வீட்டில் இருந்தார். ஒடிசலான உடம்பு. கோடையிலும் கழற்றாத ஒரு கைவைத்த ஸ்வெட்டர். கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பார்த்தேன். டை கட்டிய ஒருவர் அவசரமாகப் படியேறி வந்தார்.

“மெட்ராஸுக்கு நாளைக்கு ஒரு டிக்கெட். அம்பது நிமிஷம்தானே?”

இவர் பேனாவை மூடி வைத்தார். “எந்த வீட்ல இருந்து சார்?”

“என்னது?”

“எந்த வீட்ல இருந்து எந்த வீட்டுக்குப் போறீங்க?”

“அடுகோடில இருந்து டி.நகருக்கு. ஏன்?”

“அடுகோடில ஏர்போர்ட்னு சொன்னா மொத ரெண்டு ஆட்டோக்காரன் வரமாட்டான். மூணாவது ஆள்கிட்ட பேசி ஏர்றதுக்குப் பத்து நிமிஷம். இங்க வந்து சேர அர மணி. ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள போயிடணும். அப்புறம் உங்க அம்பது நிமிஷம். மீனம்பாக்கத்துல பெட்டி வர இருவது. வெளிய டாக்ஸிக்குக் கால் மணி. டி.நகர்ல எங்க?”

“பாண்டி பஜார் பக்கம்.”

“அய்யோ பாவம். அப்ப ஒரு மணி நேரம் போட்டுக்கோங்க. மொத்தம் நாலு மணி அஞ்சு நிமிஷம்.”

டைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அன்றைக்குத்தான் சேர்ந்தவன், மேஜையைப் பார்த்தேன்.

“நீங்க டிக்கெட் தரீங்களா இல்லையா?”

“தாராளமா தரேன் சார். போகாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. அம்பது நிமிஷம்னு நெனச்சுட்டுப் போகாதீங்கன்னு சொல்றேன்.”

யோசித்துவிட்டு வருகிறேன் என்று டைக்காரர் இறங்கிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே ஆட்டோ பிடித்தவர் போன திசையில் ரயில்வே ஸ்டேஷன்தான் இருந்தது.

எங்கள் ஓனர் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் ஊறிய தமிழ்க் குடும்பத்தவர். சாதாரணமாகத் தமிழில் பேசுவார். கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். அன்றைக்கு அறையிலிருந்து வெளியே வந்து, “டிக்கெட் மாரோதா, பேட்வா?” என்று கேட்டார். விற்பதா வேண்டாமா, சொல்லிவிடு என்று அர்த்தம்.

“மாரோண சார்,” என்றார் இவர் அமைதியாக. “நிஜ ஹேளி மாரோண.” விற்கலாம், உண்மையைச் சொல்லி விற்கலாம் என்பது பதில். ஓனர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்தக் காட்சி வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஓனரும் சும்மா இருக்கவில்லை. ‘மெட்ராஸ்: ஐம்பதே நிமிடங்களில்’ என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு எழுதி வாங்கி வாசலில் மாட்டினார். மறுநாள் காலையில் அதன் கீழே சிறிய எழுத்தில், கீழ்க்கடை பெயின்ட்டில், ‘ஏர்போர்ட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு மட்டும்’ என்று இருந்தது. யார் எழுதியது என்று ஓனர் விசாரிக்கவே இல்லை. இவர் ஸ்வெட்டர் கையில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

அந்த நீள நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் டிக்கெட் வாங்கிப் போனவர்கள் அத்தனை பேரையும் இவர் போனில் பிடிப்பார். போகிற இடத்து நம்பரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார். அவசரத்துக்கு என்று நினைத்து அவர்களும் கொடுத்துவிடுவார்கள். அப்படித்தான் புதுமாப்பிள்ளை ஒருவர் பம்பாயில் மாமியார் வீட்டில் முதல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

“சேந்துட்டீங்களா சார்? வீட்டுக்கு வந்தது எத்தன மணி?”

மாப்பிள்ளை சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது கேட்டது.

“பெல் அடிச்சதா, உள்ள வந்ததா? ரெண்டும் வேற வேற சார். ஓஹோ. நடுவுல நாலு நிமிஷமா? யாரு கதவு தெறந்தாங்க? சரி சரி, சாப்பிடுங்க.”

போனை வைத்துவிட்டு எழுதினார். பிறகு எட்டிப் பார்த்தேன். பம்பாய் கணக்கில் ஆட்டோ, செக்கிங், விமானம், டாக்ஸி எல்லாம் தனித்தனியாக எழுதி, கடைசி வரியில் ‘மாமியார் – 4’ என்று இருந்தது.

இவ்வளவு பேசுகிற மனிதர் ஒரு தடவைகூட விமானத்தில் போனதில்லை என்பது ஓனருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் போய் வந்தால் புத்தி மாறும் என்று, கம்பெனிக்குக் கிடைத்த இலவச டிக்கெட் ஒன்றை இவர் கையில் திணித்து மெட்ராஸ் அனுப்பினார். போய்விட்டு மறுநாளே வந்தார். எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். நீலசந்திராவில் ஆட்டோ பிடித்ததற்கு ஒரு பக்கம், வரிசையில் நின்றதற்கு இரண்டு பக்கம், மீனம்பாக்கத்தில் பெட்டி வரும் பட்டை சுற்றியதற்கு ஒரு பக்கம்.

“ஃப்ளைட் எப்படிண்ணா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“தெரியல தம்பி. அந்த அம்பது நிமிஷம்தான் எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே. தூங்கிட்டேன்.”

இப்படிப்பட்டவரை ஏன் வைத்திருந்தார்கள் என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது. திரும்பிப் போனவர்களில் பாதிப்பேர் பிறகு வந்தார்கள். கூடவே நாலு பேரை அழைத்து வந்தார்கள். டெல்லியில் காலை பத்து மணிக்கு மீட்டிங் என்றால் எந்த விமானத்தில் போனால் வேர்க்காமல் போய்ச் சேரலாம் என்று இந்த மனிதருக்குத்தான் தெரியும் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. கல்கத்தாவில் எந்தப் பாலத்தில் எந்த நேரத்தில் நெரிசல் என்பதுகூட நோட்டில் இருந்தது. ஓனர் மட்டும் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

பின்னாளில் ஏர்போர்ட்டை ஊருக்கு வெளியே தேவனஹள்ளிக்குக் கொண்டுபோனபோது அவர் வேலையை விட்டு வீட்டில் இருந்தார். அன்றைக்கு எனக்குப் போன் வந்தது. “தம்பி, மெட்ராஸ இன்னும் ஒண்ணரை மணி நேரம் தள்ளி வெச்சுட்டானுங்க.” அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் நடந்தது.

என் மனைவி செல்விக்குப் பெரம்பூர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு எங்களுக்குப் பிறந்த முதல் குழந்தை தங்கவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்குத் தகவல் வந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒருநாள் ஆகியிருந்தது. செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அடுத்த தடவை நான் பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு நாள் குறித்து, அதற்குப் பத்து நாள் முன்பே போய்விடுவதாக லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் மூன்று வாரம் முன்னதாகவே, ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போன் வந்தது. செல்வியின் அண்ணன்.

“மாப்ள, செல்விக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். பிரஷர் வேற ஜாஸ்தியா இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க கிளம்பி வந்துடுங்க.”

ஆபீஸ் முழுக்க டிக்கெட். ஆனால் ஒரு மணி விமானத்தில் ஒரு சீட்கூட இல்லை. அடுத்தது நாலு மணிக்கு. அதில் இடம் இருந்தது. டிக்கெட்டை எழுதப் போனேன். இவர் என் கையைப் பிடித்தார்.

“பத்து நாளா அந்த ஃப்ளைட் லேட்டு தம்பி. தினமும் ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரம். நோட்டுல இருக்கு. அதுல போனா பெரம்பூர் போய்ச் சேர எட்டு மணி ஆயிடும். இப்பவே கார்ல கிளம்பினா ஆறரைக்கு ஆஸ்பத்திரி வாசல்.”

“நெஜமாவாண்ணா?”

“நான் எப்ப பொய் சொன்னேன்?”

அது உண்மைதான். பதினொன்றரைக்கு ஒரு டாக்ஸியில் ஏறினேன். முன்சீட்டில் நோட்டோடு அவரும் ஏறி உட்கார்ந்தார். ஏன் என்று ஓனர் கேட்டதற்கு, “அவன் பதட்டத்துல இருக்கான் சார், தனியா அனுப்பக் கூடாது,” என்றார். ஓனர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார்.

ஓசூர் தாண்டியதும் காரை நிறுத்தச் சொன்னார். ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் ஒரு நிமிஷம் பேசிவிட்டு வந்தார். கிருஷ்ணகிரியில் மறுபடியும். “அண்ணா, போற வழியில எதுக்கு இதெல்லாம்?” என்றேன். “ஒரு நிமிஷம்தான் தம்பி,” என்றார். இறங்கி, ஏறி, நம்பர் கிடைத்துப் பேசி வர அஞ்சு நிமிஷம் ஆனது. நோட்டுக்கு ஏதோ விவரம் சேகரிக்கிறார் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாணியம்பாடிக்கு முன்னால் டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்து பார்த்தால் ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் ரோட்டின் குறுக்கே நின்று போகிற லாரிக்கெல்லாம் கை காட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால், இவர் ஸ்வெட்டரைக் கழற்றிச் சீட்டில் வைத்துவிட்டு, டயரை உருட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். மத்தியான வெயில். நாற்பத்தைந்து வயது. டயர் அவரைவிட வேகமாகப் போய் அவ்வப்போது பள்ளத்தில் இறங்கியது. இறங்கி எடுத்து மறுபடி ஓடினார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகையும் வந்தது.

முக்கால் மணி கழித்து ஒரு டெம்போவில் டயரோடு வந்து இறங்கினார். “வாணியம்பாடில ஒரு போனும் பண்ணிட்டேன்,” என்றார். எனக்கு வந்த கோபத்தில் டயரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு காருக்குப் போனேன்.

ஆம்பூரில் ஒரு போன். வேலூரில் ஒரு போன். ராணிப்பேட்டை பக்கம் ரயில்வே கேட். பூந்தமல்லியில் ஊரே ரோட்டில் நின்றது. பெரம்பூர் ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது மணி ஏழு இருபது.

மாமியார் படிக்கட்டிலேயே நின்றிருந்தார். “பொண்ணு,” என்றார். “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆறு நாப்பதுக்குப் பொறந்துச்சு.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லா இருக்காங்க என்ற வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னார்.

எழுந்து பார்த்தபோது எங்கள் ஆளைக் காணோம். எதிரே இருந்த பூத்தில் கண்ணாடிக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் முகம் சுண்டியிருந்தது.

“தம்பி, மீனம்பாக்கத்துக்குப் பேசினேன். அந்த நாலு மணி ஃப்ளைட் இன்னிக்கு கரெக்ட் டைமுக்குக் கிளம்பி கரெக்ட் டைமுக்கு எறங்கிடுச்சு. அதுல வந்திருந்தா நீ ஆறரைக்கு இங்க இருந்திருப்ப. பொறக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி.”

இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் போன் செய்யாமல் இருந்திருந்தால் எனக்கு வாழ்நாள் முழுக்கத் தெரிந்திருக்காது.

“இத எதுக்குண்ணா என்கிட்ட சொல்றீங்க?” என்று கத்தினேன். வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“உன் சம்சாரம் ஏன் லேட்டுன்னு கேக்கும் இல்ல? உன் மேல தப்பு இல்லன்னு நீ சொல்லணும் இல்ல? கார்ல வரச் சொன்னது நான்னு சொல்லு.”

உள்ளே போகும்போது அவரும் பின்னாலேயே வந்தார். செல்வி களைத்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை, அதற்குள் சிவப்பாக ஒரு முகம். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கட்டில் பக்கத்தில் போய்க் குனிந்தார். குழந்தையிடம்தான் பேசினார்.

“கண்ணு, உங்க அப்பாவ நாப்பது நிமிஷம் லேட்டாக்கினது நான்தான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சுக்கோ.”

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செல்வி என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். விமானம், கார், பஞ்சர், பத்து நிமிஷம் எல்லாம். சொல்லி முடித்ததும் அவள் மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

“வழியெல்லாம் போன் பண்ணது நீங்கதானாண்ணா?”

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள்.

“ஓசூர்ல இருந்து யாரோ போன் பண்ணி, அவரு கிளம்பி ஓசூர் தாண்டிட்டாருன்னு சொல்லுங்கன்னு சொன்னாங்களாம். ஆயா உள்ள வந்து சொன்னாங்க. அப்புறம் கிருஷ்ணகிரி. அப்புறம் வாணியம்பாடி, டயர் பஞ்சர், ஆளு நல்லா இருக்காரு, பயப்பட வேணாம்னு. வலி வர்றப்போ எல்லாம் அந்த ஆயாகிட்ட கேட்டுட்டே இருந்தேன், இப்ப எங்க இருக்காருன்னு. உன் புருஷன் ஆம்பூர் வந்துட்டாரும்மா, வேலூர் வந்துட்டாரும்மான்னு அவங்க வந்து வந்து சொன்னாங்க. கடைசில பக்கத்து பெட்ல இருந்தவங்க எல்லாம்கூட கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.”

அவள் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போன வாட்டி நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியாது. இந்த வாட்டி தெரிஞ்சுட்டே இருந்துச்சு. ஃப்ளைட்ல வந்திருந்தா எனக்கு யாரு சொல்லியிருப்பா? அப்படியே முன்னாடி வந்திருந்தாலும் அந்தக் கதவுக்கு வெளியதான் நின்னிருப்பீங்க. ஆம்பளைங்கள உள்ள விடமாட்டாங்க.”

எனக்கு மார்பில் இருந்த கல் இறங்கியது. போகிற இடத்து நம்பர் என்று ஆஸ்பத்திரி நம்பரையும் அவர் கிளம்பும்போதே நோட்டில் குறித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து போனுக்கும் நான் பல்லைக் கடித்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. ஆனால் அம்பது நிமிஷம் தலையை ஆட்டினார்.

“வெளிய நின்னாலும் நின்னதுதாம்மா. அந்தப் பத்து நிமிஷம் நான் கெடுத்ததுதான்.”

ஊர் திரும்பிய பிறகு மனிதர் மாறிவிட்டார். நோட்டு மேஜை டிராயருக்குள் போனது. மெட்ராஸுக்கு அம்பது நிமிஷம்தானே என்று யாராவது கேட்டால், “அப்படித்தான் சார் போட்டிருக்கு,” என்று டிக்கெட்டை எழுதி நீட்டிவிடுவார். பழகிய வாடிக்கையாளர்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நிற்பார்கள். இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவருக்கு ஒடம்புக்கு ஏதாவது முடியலையா?” என்று கேட்டார்.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஓனர் என் மேஜைக்கு வந்தார். அன்பாகக் கூப்பிடுவதென்றால் அவருக்கு எல்லோரும் ‘குரு’தான்.

“ஏன் குரு, இவரு பேசினாதான் ப்ராப்ளம்னு இத்தன வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். பேசாம இருந்தா அதவிட ப்ராப்ளமா இருக்கே. வர்றவங்க எல்லாம் வேற டிராவல்ஸுக்குப் போறாங்க. நீ சொல்லு அவருக்கு, பழையபடி நாலு பேரத் திருப்பி அனுப்பச் சொல்லு.”

நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. “தப்பா சொல்றவன் சொல்லக் கூடாது தம்பி.”

அவரைப் பேச வைத்தது கன்னியம்மா.

கன்னியம்மா நீலசந்திராவிலிருந்து வந்த பெண். முப்பது வயது இருக்கும். மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை கிடைத்திருந்தது. பம்பாய் போய் அங்கிருந்து மஸ்கட். டிக்கெட்டை அந்த வீட்டுக்காரர்களே அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் தேதியை உறுதி செய்ய வந்திருந்தாள். என் மேஜை முன்னால் நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார், மஸ்கட்டு போக எவ்ளோ நேரம் ஆவும்?”

“பம்பாய்ல இருந்து மூணு மணி நேரம்மா,” என்றேன்.

“அதான் எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு பொண்ணுங்க சார். அவங்க அத்த வீட்ல விட்டுட்டுப் போறேன். சின்னவ கேட்டுட்டே இருக்கா, நீ எத்தன மணிக்கு அந்த வீட்டுக்குப் போய்ச் சேருவேன்னு. பம்பாய்ல ஒரு ராத்திரி ஆவும்னு இப்பதான் சொல்றாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல.”

பக்கத்து நாற்காலியில் எதுவோ அசைந்தது. திரும்பினேன். அவர் டிராயரைத் திறந்து நோட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

“இப்படி வந்து உக்காரும்மா,” என்றார். “எந்த வீட்ல இருந்து கிளம்பறே?”

முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நீலசந்திராவில் சந்து திரும்பி மெயின் ரோட்டுக்கு வர எத்தனை நிமிஷம் என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். பம்பாயில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொரு டெர்மினலுக்குப் போவது, காகிதங்களைக் காட்டும் வரிசை, மஸ்கட்டில் அந்த வீட்டுக்காரர் வந்து பெயரெழுதிய அட்டையோடு நிற்பது, அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவது, எல்லாவற்றையும் பொறுமையாக எழுதினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுப் படி இறங்கினால், புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வீட்டுக்குள் நுழையலாம். நாலு மணி என்பது நம்மூர் நாலு மணி.

“இருவத்தாறு மணி நேரமா?” என்றாள் கன்னியம்மா.

“ஆமாம்மா. மூணுன்னு நெனச்சுட்டுப் போகாத.”

அவளுக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகச் சிரித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் மூன்றரைக்கு அவர் என்னிடம் வந்தார். “தம்பி, உன் ஸ்கூட்டர்ல நீலசந்திரா வரைக்கும் கொஞ்சம் விடறியா?” என்றார். சைக்கிளில்தான் எப்போதும் போவார். அவசரம் என்று புரிந்தது.

அந்த வீடு சந்துக்குள் ஒற்றை அறை. சின்னப் பெண்ணுக்கு ஆறு வயது இருக்கும், பெரியவளுக்குப் பத்து. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தைக்காரி உள்ளே அடுப்பில் இருந்தாள். இவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக நாலு மணி ஆகும்வரை காத்திருந்தார். பிறகு குனிந்து சொன்னார்.

“உங்க அம்மா இப்ப அந்த வீட்டுக்குள்ள போயிட்டாங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் பெரியவள்.

“நானும் உங்க அம்மாவும் சேந்து கணக்குப் போட்டோம்.”

சின்னவள் யோசித்தாள். “இப்ப அம்மா என்னா பண்ணுது?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரை எனக்குத் தெரியும். தன் நோட்டில் இல்லாத ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மாமியார் கதவு திறந்த நாலு நிமிஷத்தைக்கூட விசாரித்து எழுதியவர். மஸ்கட்டில் அந்த நேரத்தில் கன்னியம்மா வரிசையில் நின்றிருக்கலாம், விமானமே கிளம்பாமல் இருந்திருக்கலாம்.

“தண்ணி குடிக்கறாங்க,” என்றார்.

“அது பாலைவனம்னு எங்க டீச்சர் சொன்னாங்களே. தண்ணி இருக்குமா?”

“இருக்கும்மா. பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கும். சில்லுனு இருக்கும்.”

சின்னவள் எழுந்து உள்ளே போனாள். குடத்தில் டம்ளர் மொள்ளும் சத்தம் கேட்டது. அவளும் தண்ணீர் குடித்தாள்.

சந்தைத் தாண்டி மெயின் ரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

“தம்பி, அந்தம்மா போய்ச் சேந்திருப்பாங்க இல்ல?”

தனக்குத் தெரியாத ஒன்றை என்னிடம் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன தெரியும். மஸ்கட் மேற்கே இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது.

“சேந்திருப்பாங்கண்ணா,” என்றேன். “கரெக்டா நாலு மணிக்கு.”

அவர் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கவில்லை, நோட்டையும் எடுக்கவில்லை. மூன்று வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான். ஆனாலும் அவரை என் சொந்த அண்ணனாக நான் நினைக்க ஆரம்பித்தது அந்த டீக்கடை வாசலில்தான்.